கொட்டை எழுத்தின் அரசியல்: கிளாரண்டன் குறித்துச் சில குறிப்புகள்

1

எழுத்து என்று சொல்லும்போது நம் விமர்சகர்கள் அநேகமாக எல்லோருமே எழுதப்பட்டதைத்தான் அர்த்தப்படுத்துகிறார்கள். பிரதி, பிரதியின் மௌனம், வாசிப்பின் சாத்தியப்பாடுகள் என்று நிறையவே பேசியாயிற்று. அந்தப் பிரதி காகிதத்தின் மீது மையாக உட்கார்ந்திருக்கிறது, அந்த மைக்கு ஒரு வடிவம் இருக்கிறது, தடிமன் இருக்கிறது, விலையும் இருக்கிறது என்பதைப் பற்றி அதிகம் பேர் வாய் திறப்பதில்லை. அச்செழுத்தின் வழியாகப் பார்த்துவிட்டு அப்பால் போய்விட வேண்டும், அச்செழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது பொதுவான நம்பிக்கை. இதற்கு ஒரு கோட்பாடும் உண்டு. நல்ல அச்சு என்பது மெல்லிய கண்ணாடிக் கோப்பை மாதிரி, குடிப்பவருக்கு மதுவின் நிறம் தெரிய வேண்டுமே தவிரக் கோப்பை தெரியக் கூடாது என்று பியாட்ரிஸ் வார்ட் 1930களின் தொடக்கத்தில் வாதிட்டார். அச்சுக்கலைக்காரர்கள் இன்றுவரை இந்த உவமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தடித்த எழுத்து இந்த உவமைக்குள் அடங்குவதில்லை. அது பார்க்கப்படுவதற்காகவே வார்க்கப்பட்டது. தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: கொட்டை எழுத்து. சொல்லிலேயே ஒரு பருமன், ஓர் அதட்டல். 'கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?' என்று அலுவலகச் சன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்போது அங்கே என்ன நடக்கிறது? தெரியாது என்று சொல்லும் உரிமை நம்மிடமிருந்து பிடுங்கப்படுகிறது. பொடி எழுத்தில் உள்ளதைத் தவறவிட்டால் அது அச்சிட்டவர் குற்றமாகவும் இருக்கலாம். கொட்டை எழுத்தில் உள்ளதைத் தவறவிட்டால் குற்றம் வாசித்தவருடையது. ஆக, எழுத்தின் தடிமன் வெறும் அழகியல் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பொறுப்பை யார் தலையில் கட்டுவது என்கிற விவகாரமும் அதற்குள் இருக்கிறது.

இந்த அதட்டல் அச்சுக்குள் எப்போது வந்தது, யாருடைய காசில் வந்தது, யாரைப் பார்த்து அதட்டியது என்று கேட்டுக்கொண்டே போனால் 1845இல் லண்டனில் வார்க்கப்பட்ட கிளாரண்டன் என்கிற ஆங்கில எழுத்தில் வந்து நிற்போம். பின்வருவது அந்த எழுத்தின் வரலாறு. இதில் நாயகர்கள் கிடையாது. வார்ப்பகக்காரர்கள், லாட்டரி ஏஜெண்டுகள், அடிமை வியாபாரிகள், அகராதிக்காரர்கள், பெயர் தெரியாத அச்சுக்கோப்பாளர்கள், இவர்கள்தான் வருகிறார்கள்.

2

ஐரோப்பாவில் அச்சு தோன்றிய பிறகு ஏறக்குறைய 350 வருடங்கள் புத்தகப் பக்கத்தில் இன்று நாம் 'போல்ட்' என்று சொல்கிற விஷயம் புழக்கத்தில் இல்லை. ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமானால் சாய்வெழுத்து இருந்தது, கேப்பிடல் இருந்தது. முறுக்கி மடக்கி அடர்த்தியாக எழுதிய பழைய கறுப்பெழுத்தையும் இங்கிலாந்தில் இடையிடையே கலந்து பார்த்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் தலைச்சொற்கள் கேப்பிடலில்தான் நிற்கின்றன. ஒரே எழுத்துக்கு மெலிந்த உடம்பு ஒன்று, தடித்த உடம்பு ஒன்று என்ற ஜோடி பின்னால் வந்ததுதான்.

அந்தத் தடித்த உடம்பு தெருவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் லண்டன் வார்ப்பகக்காரர் ராபர்ட் தோர்ன் புத்தக எழுத்தின் கனத்த கோடுகளை மட்டும் ஊதிப் பெருக்க வைத்தார். மெல்லிய கோடுகளும் எழுத்தின் நுனிகளில் இருக்கும் செரிஃப் என்ற சிறு பாதங்களும் மயிரிழையாகவே விடப்பட்டன. தொழிலில் இதற்கு 'ஃபேட் ஃபேஸ்' என்று பெயர், கொழுத்த முகம். தொந்தியும் சரிகை வேட்டியுமாக ஒரு மிராசுதார் குச்சிக் கால்களில் நிற்பது மாதிரி இருக்கும்.

இப்படி ஓர் எழுத்து ஏன் அப்போது வந்தது? எந்திரம் ஒரு காரணம். அதுவரை இருந்த மர அச்சு எந்திரத்துக்கு அகலமான கறுப்புப் பரப்பைச் சீராக அழுத்தும் பலம் போதாது. 1800ஐ ஒட்டி ஸ்டான்ஹோப் பிரபுவின் இரும்பு எந்திரம் வந்தது. 1813இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் கிளைமர் 'கொலம்பியன்' எந்திரத்தைச் செய்தார். இரும்பு வந்ததும் பெரிய தாளில் பெரிய எழுத்தைக் கறுப்பாக அடிக்க முடிந்தது. வரி இன்னொரு காரணம். 1815இலிருந்து இங்கிலாந்தில் செய்தித்தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் நான்கு பென்ஸ் முத்திரை வரி, அதில் வரும் விளம்பரத்துக்குத் தனி வரி. எனவே செய்தித்தாளில் ஒவ்வொரு அங்குலமும் பொடி எழுத்தால் நிரப்பப்பட்டது. கத்த வேண்டியவர்கள் சுவருக்குப் போனார்கள். சுவர் ஒட்டிகளின் உலகம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்குச் சார்லஸ் டிக்கன்ஸ் 1851இல் அவர்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியது சாட்சி.

சுவரில் அதிகம் கத்தியவர்களில் அரசாங்க லாட்டரிச் சீட்டு விற்றவர்கள் முக்கியமானவர்கள். 1826 அக்டோபரில் கடைசிக் குலுக்கல் நடந்து முடியும்வரை கொழுத்த முகத்துக்கு அவர்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள். தோர்ன் 1820இல் இறந்தார். அவருடைய வார்ப்பகத்தை வாங்கியவர் வில்லியம் தோரோகுட். எழுத்துத் தொழிலில் முன்பின் பழக்கமில்லாத மனிதர். வாங்குவதற்கான பணம் லாட்டரியில் விழுந்தது என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எழுத்துக்கும் மூலதனத்துக்குமான உறவை இதைவிடச் சுருக்கமாக விளக்க நம் கோட்பாட்டாளர்களால் முடியாது.

கற்றறிந்த அச்சாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. தாமஸ் கர்சன் ஹான்சர்ட் 1825இல் வெளியிட்ட 'டைப்போகிராஃபியா' நூலில் இந்தப் பருத்த எழுத்துகளைக் கடுமையாகச் சாடினார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளுக்கு இன்றும் ஹான்சர்ட் என்று பெயர் இருக்கிறதே, அந்த ஹான்சர்ட்தான். இதே மனிதர், படைவீரர்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து வில்லியம் காபெட் எழுதியதை அச்சிட்டதற்காக 1810இல் சிறைத்தண்டனை பெற்றவர். ஆகவே அதிகாரத்துக்கு வால்பிடித்தவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. ஒரு சொல்லின் பலம் அதன் அர்த்தத்தில் இருக்கிறது, பருமனில் இல்லை என்று நம்பிய ஒரு தலைமுறையின் குரலாகத்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. மரியாதைக்குரிய நம்பிக்கைதான். ஆனால் பருமனை ஏற்கெனவே வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வேறு ஆட்களில் வியாபாரிகள் மட்டும் இல்லை. 1848 ஏப்ரல் 10ஆம் தேதி லண்டன் கென்னிங்டன் மைதானத்தில் சார்ட்டிஸ்டுகள் கூடினார்கள். உழைக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள். அவர்கள் தொழிலாளர்களை அழைத்து ஒட்டிய சுவரொட்டியும் தடித்த எழுத்தில்தான் இருந்தது. அந்தக் கூட்டம் சட்டவிரோதம் என்று போலீஸ் ஆணையர்கள் ஒட்டிய அறிவிப்பும் அதே சுவர்களில் இருந்தது. சீட்டு விற்கிறவனும் கிளர்ச்சி செய்கிறவனும் கிளர்ச்சியை அடக்க வந்தவனும் ஒரே சந்தையில் எழுத்து வாங்கினார்கள்.

3

ஃபேன் ஸ்ட்ரீட்டில் இருந்த தோரோகுட்டின் வார்ப்பகத்தில் பங்காளியாகச் சேர்ந்தவர் ராபர்ட் பெஸ்லி. பெஞ்சமின் ஃபாக்ஸ் என்ற பஞ்ச் வெட்டும் கைவினைஞரைக் கொண்டு அவர் செய்வித்த எழுத்துதான் 1845இன் கிளாரண்டன்.

அதற்கு முன் இருந்த இரண்டு தடித்த எழுத்துகளோடு ஒப்பிட்டால்தான் இதன் குணம் பிடிபடும். ஒன்று மேலே சொன்ன கொழுத்த முகம். இன்னொன்று 1810களில் வின்சென்ட் ஃபிகின்ஸ் வெளியிட்டு, பின்னால் 'எகிப்தியன்' என்ற பெயரில் பரவிய வகை. நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் இருந்தது, அந்த மோகத்தில் வைத்த பெயர். இதில் எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிமன், பாதங்கள் செங்கல் மாதிரி சதுரமான கட்டைகள். கொழுத்த முகத்தில் மயிரிழைகள் சீக்கிரம் உடைந்துபோகும். எகிப்தியன் உடையாது, ஆனால் சிறிய அளவில் அடித்தால் எழுத்தின் வயிற்றுக்குள் மை ஏறிக் கறுப்புக் கட்டியாகிவிடும்.

கிளாரண்டன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் மிதமாக. பாதங்கள் கனமானவை, தண்டோடு சேரும் இடத்தில் அடிமரம் மண்ணில் விரிவது போல வளைந்து சேர்கின்றன. வளைவுகள் முடியும் இடத்தில் உருண்டையான குமிழ்கள். R என்ற எழுத்தின் கால் கடைசியில் மேல்நோக்கிச் சுருள்கிறது. உடம்பு சற்றே ஒடுக்கம். மொத்தத்தில் பார்த்தால் நன்றாகச் சாப்பிட்டு, காலை அகட்டி ஊன்றி, யாரும் தன்னைத் தாண்டிப் போய்விட முடியாது என்ற நிச்சயத்தில் நிற்கிற ஊர் மணியக்காரர் மாதிரி இருக்கும்.

வடிவத்தைவிட முக்கியமானது வேலை. கிளாரண்டன் சுவருக்கென்று வெட்டப்பட்டதல்ல. சாதாரணப் புத்தக எழுத்தோடு ஒரே வரியில், ஒரே அளவில் கலந்து கோப்பதற்காக வெட்டப்பட்டது. அதுவரை ஒரு பத்தியின் நடுவே தடித்த சொல் ஒன்று வேண்டுமானால் அச்சாளர் எகிப்தியனை எடுத்துச் செருகுவார். அது பக்கத்தில் மைக்கறை விழுந்தது போலத் தெரியும். கிளாரண்டன் பக்கத்தின் ஒழுங்கைக் குலைக்காமலேயே அதட்டியது. தெருவில் கூவிக்கொண்டிருந்தவனுக்குச் சட்டை போட்டு, குரலைத் தணித்து வீட்டுக்குள் உட்காரவைத்த காரியம் இது. வைத்த பெயரைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகத்தை நினைவூட்டுகிற பெயர். அந்த அச்சகத்தின் பெயரோ 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் வரலாற்றை அரசர் தரப்பில் நின்று எழுதிய கிளாரண்டன் பிரபுவிடமிருந்து வந்தது. லாட்டரிச் சுவரொட்டியின் பேரனுக்குப் பிரபு வீட்டுப் பெயர்.

பெஸ்லி இந்த எழுத்தை 1842ஆம் வருட வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தார். எழுத்து வடிவம் ஒன்று இப்படிச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது ஆரம்பகால நிகழ்வுகளில் ஒன்று. பாதுகாப்பு மூன்று வருடங்கள்தான். முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. கொஞ்ச காலத்தில் ஆங்கில அச்சகங்களில் 'கிளாரண்டன்' என்றாலே தடித்த எழுத்து என்று ஆகிவிட்டது. சிறப்புப் பெயர் பொதுப் பெயரானது. பெஸ்லி 1869இல் லண்டன் மாநகரத்தின் மேயரானார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கணினிக்கு முன்னால், ஈய எழுத்துக் காலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். போல்ட் எழுத்து தனி கேஸில் இருக்கும், அதில் எழுத்துகளும் குறைவாகவே இருக்கும். ஒரு வரியில் ஒரு சொல் போல்ட் என்றால் கோப்பவர் கையை எடுத்து இன்னொரு கேஸுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். 'சார், இதுக்கு மேல போல்ட்ல கேக்காதீங்க, க தீந்துபோச்சு' என்று அந்த அச்சகத்தில் சொல்வார்கள். தடிமன் என்பது உழைப்பு, அதோடு தட்டுப்பாடு. பக்கத்தில் உள்ள எல்லோருக்கும் அது கிடைக்காது. கிடைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் எல்லாச் சொல்லும் தடித்துவிட்டால் எதுவுமே தடித்ததாகத் தெரியாது. மொழியில் வித்தியாசங்கள் மட்டுமே உள்ளன என்ற சசூரின் கருத்தைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அச்சகத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு சொல் தடிக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்துச் சொற்கள் மெலிந்திருக்க வேண்டும். எதை மெலியவைத்து எது தடித்தது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் இதற்கு ரத்தமும் சதையுமான பதில் கிடைக்கிறது.

4

அமெரிக்காவில் தடித்த எழுத்து மரத்தில் பரவியது. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனமும் அதிகம், விலையும் அதிகம், ஆறும்போது முகம் சமமாக இருக்காது. நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் சுழலும் வெட்டுக் கருவியால் மர எழுத்துகளைச் செய்யத் தொடங்கினார், அடுத்த வருடமே மாதிரிப் பட்டியல் வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் வெட்டும் வழியைச் சேர்த்தார். கொழுத்த முகமும் எகிப்தியனும் பிறகு கிளாரண்டனும் அதன் கிளை வகைகளும் மரத்தில் ஏறிச் சிற்றூர் அச்சகங்களுக்கெல்லாம் போயின. சர்க்கஸ், நாடகம், நிலம், மருந்து, குதிரை, எல்லாவற்றுக்கும் இதே எழுத்துகள்.

மனிதர்களுக்கும்தான். அடிமை ஏலச் சுவரொட்டிகளை ஓர் அச்சுக்கோப்பாளரின் கண்ணோடு பார்க்க வேண்டும். பக்கத்தில் எது தடிக்கிறது? பொதுவாக ஏலம் என்ற சொல், நீக்ரோக்கள் என்ற சொல், நாளும் இடமும், விற்பவரின் பெயர். விற்கப்படுகிறவர்களுக்கு அங்கே பெயர் இருந்தால் அது பட்டியலில், பொடி எழுத்தில், வயதுக்கும் 'நல்ல சமையல்காரி', 'வயல் வேலை' போன்ற விவரங்களுக்கும் பக்கத்தில். இனம் தடித்த எழுத்தில், ஆள் மெல்லிய எழுத்தில். இது யாரோ ஒரு கொடூரன் யோசித்துச் செய்ததில்லை. அச்சகத்தில் எல்லா விளம்பரத்தையும் எப்படிக் கோப்பார்களோ அப்படித்தான் இதையும் கோத்தார்கள். சரக்கின் வகை பெரிதாக, சரக்கின் விவரம் சிறிதாக. கொடூரம் வழக்கத்தின் ஒழுங்குக்குள்ளேயே இருந்தது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரக் கேட்கும் விளம்பரங்களுக்கென்றே மூட்டையைத் தோளில் மாட்டி ஓடும் ஒரு சின்ன மனித உருவத்தை வார்ப்பகங்கள் ஆயத்தமாக வார்த்து விற்றன. வீட்டுக்கு ஒரு படம், கப்பலுக்கு ஒரு படம், ஓடிப்போன மனிதனுக்கு ஒரு படம். எந்த மனிதன் ஓடினாலும் அதே படம்தான்.

எழுத்தே குற்றவாளி என்று இங்கே தீர்ப்பு எழுதிவிடலாம். அப்படி எழுதுகிற ஒரு போக்கு நம்மிடையே உண்டு, வடிவத்தைப் பார்த்ததும் அதிகாரம் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது. ஆனால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. அந்த ஓடும் உருவத்தை அடிமை எதிர்ப்புச் சங்கத்தினர் 1837இல் தங்கள் 'ஆன்ட்டி ஸ்லேவரி ரெக்கார்ட்' இதழின் முகப்பிலேயே போட்டார்கள். தெற்கத்திச் சந்தைக்காக வடக்கில் வார்க்கப்படும் பண்டம் இது என்று அம்பலப்படுத்தவே போட்டார்கள். வடக்கு கைகழுவிக்கொள்ள முடியாது என்பது அவர்கள் வாதம்.

1851இன் பாஸ்டன் இன்னும் கூர்மையான உதாரணம். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பது வட மாநிலங்களுக்கும் கடமை என்று 1850இல் சட்டம் வந்தது. மறு வருடம் ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் என்ற இளைஞர் பாஸ்டனில் பிடிக்கப்பட்டு ஜார்ஜியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஏப்ரல் 24ஆம் தேதியிட்ட சுவரொட்டி ஒன்று நகரில் ஒட்டப்பட்டது, எழுதியவர் தியோடர் பார்க்கர் என்ற பாதிரியார். மேலே, எச்சரிக்கை என்ற ஒற்றைச் சொல் இரண்டு ஆச்சரியக்குறிகளோடு. அதற்குக் கீழே, பாஸ்டனின் கறுப்பின மக்கள் ஒவ்வொருவரையும் பார்த்த விளிப்பு. காவலர்களோடும் போலீஸ்காரர்களோடும் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் ஆள்கடத்திகளாக வேலை பார்க்கிறார்கள் என்பது விஷயம். ஆள்கடத்திகள் என்ற சொல்லும் அடிமை பிடிப்பவர்கள் என்ற சொல்லும் தடித்து நிற்கின்றன. ஏலச் சுவரொட்டியில் எந்த மக்கள் தடித்த சொல்லால் சுட்டப்படும் சரக்காக இருந்தார்களோ, அதே மக்கள் இங்கே தடித்த சொல்லால் விளிக்கப்படும் வாசகர்கள். பழைய சுவரொட்டி ஓடியவனைத் தேடச் சொன்னது, இந்தச் சுவரொட்டி பிடிக்க வருகிறவனை அடையாளம் காட்டியது. எழுத்து ஒரே இனம்தான். பேசுகிறவர், கேட்கிறவர், பேசப்படுகிறவர் என்ற மூன்று இடங்களில் ஆட்கள் மாறிவிட்டார்கள். அரசியல் அந்த இடமாற்றத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இடங்கள் மாறாமல் அப்படியே இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1865ஐப் பார்க்கலாம். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட பின் ஏப்ரல் 20ஆம் தேதி யுத்தத் துறை வெளியிட்ட சுவரொட்டியில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருப்பது 1,00,000 டாலர் வெகுமதி என்ற வரி. அடுத்துக் கொலைகாரன். கொல்லப்பட்ட ஜனாதிபதியின் பெயர் அதற்குக் கீழே. அடிமைமுறைக்கு எதிரான போரை நடத்தி முடித்த அரசாங்கம், ஓடியவனைப் பிடிக்கப் பழைய விளம்பரத்தின் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டது. வேறு இலக்கணம் கைவசம் இல்லை போலும்.

5

வால்டர் பெஞ்சமின் 1928இல் வெளியான 'ஒருவழிப்பாதை'யில் எழுத்தின் தலைவிதி குறித்து ஒரு சிந்தனையை முன்வைக்கிறார். புத்தகத்தில் ஒதுங்கிச் சுயேச்சையாக வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தை விளம்பரங்கள் தெருவுக்கு இழுத்துவந்துவிட்டன, படுத்திருந்தது எழுந்து நிற்கும்படி ஆகிவிட்டது என்கிறார். புகழ்பெற்ற வாதம்தான். ஆனால் பெஞ்சமின் பார்த்தது போகிற பாதையை. தெருவில் தடித்துப்போன எழுத்து திரும்பிப் புத்தகத்துக்குள் வந்த பாதையும் ஒன்று இருக்கிறது. கிளாரண்டன் அந்தப் பாதையில்தான் வந்தது. இது ஒருவழிப்பாதை இல்லை.

திரும்பி வந்தது எங்கே குடியேறியது? கதைகளிலோ கவிதைகளிலோ அல்ல. அட்டவணை, பள்ளிப் பாடநூல், எல்லாவற்றுக்கும் மேலாக அகராதி. ஜேம்ஸ் மரே தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் கிளாரண்டன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதில் தலைச்சொற்கள் கிளாரண்டன் எழுத்தில். பெயரை இரவல் வாங்கிக்கொண்டு போன எழுத்து அந்தப் பெயருள்ள வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சொல் தடித்தது, அதன் உச்சரிப்பு, பிறப்பு, பொருள், மேற்கோள் எல்லாம் மெல்லியது. கண் பக்கத்தில் மேலிருந்து கீழாகத் தாவித் தடித்த சொல்லில் நின்று, வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். வாசிப்பதற்குப் பதில் தேடுவது. இன்று திரையில் நாம் செய்துகொண்டிருப்பதற்கு இங்கேயே பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

வசதி என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அகராதி பிடிக்கும், வசதியைக் குறைசொல்லவும் வரவில்லை. ஆனால் தெருவில் இருந்தவரை தடித்த எழுத்து காசு கொடுத்துக் கத்தும் குரல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சீட்டு வாங்கு என்று ஒருவன் கத்தினால் வாங்காமலும் போகலாம். அகராதிக்குள் வந்ததும் கத்துபவன் மறைந்துவிட்டான். இது ஒரு சொல், இதுதான் சொல் என்று மொழியே பேசுவது போல ஒரு தோற்றம். பாடநூலில் தடித்துக் கிடக்கும் வரி, பரீட்சையில் கேட்கப்படும் வரி என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். யார் தடிக்க வைத்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பில் விடுபட்டுப்போன சொல் ஒன்றை அகராதி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்: 'பாண்ட்மெய்ட்'. கட்டுண்ட பணிப்பெண், அடிமைப்பெண் என்று பொருள். அந்தச் சொல்லுக்கான சீட்டுகள் எங்கோ தவறிப்போய், 1880களில் அந்தப் பகுதி அச்சான பிறகே தெரியவந்தது. 1933இன் துணைத்தொகுதியில்தான் அது ஏறியது. கைதவறி நடந்தது, சந்தேகமில்லை. இதில் சதி எதையும் நான் தேடவில்லை. ஆனால் ஏலச் சுவரொட்டியையும் இந்த அகராதிப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. விற்கப்பட்டபோது பெயர் பொடி எழுத்தில் போன ஒருத்திக்கு, சொற்களுக்கான கணக்கெடுப்பிலும் கொஞ்ச காலம் இடம் கிடைக்கவில்லை. தடித்த எழுத்தின் வரிசை பூர்த்தியானதாகத் தோற்றம் தருவதால், அங்கே ஒரு சொல் குறைகிறது என்பதைக் கண் காட்டிக்கொடுப்பதில்லை. மௌனம் என்று நாம் கோட்பாட்டில் பேசுவது பல நேரங்களில் இப்படி அச்சில் ஒரு காலியிடம்கூட இல்லாமல்தான் இருக்கும்.

6

20ஆம் நூற்றாண்டில் கிளாரண்டன் மறுபிறவி எடுத்தது. 1953இல் ஸ்விட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் ஒரு வடிவம் செய்தார். 1955இல் அமெரிக்காவில் ஃப்ரீமன் க்ரா இன்னொன்று செய்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளில் நீண்ட காலம் இந்த எழுத்து நின்றது. கௌபாய்ப் படங்களுக்கும் 'தேடப்படுகிறார்' சுவரொட்டிப் பொம்மைகளுக்கும் இதன் உறவுக்கார எழுத்துகள்தான் முகம். இப்போது இதைப் பார்க்கிறவருக்கு மர நாற்காலி, பழைய விஸ்கி, குதிரைக் குளம்படி எல்லாம் நினைவுக்கு வருகின்றன. நல்ல பழைய காலம். அந்த நல்ல பழைய காலத்தில் இதே குடும்ப எழுத்துகள் மனிதர்களை விற்றன என்பது வராது. பழமை நாட்டம் என்பது இப்படித்தான் வேலை செய்கிறது, வடிவத்தைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு அது யாரைப் பார்த்து அதட்டியது என்பதை வடிகாலில் விட்டுவிடுகிறது. நான் அந்த எழுத்தைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. பாஸ்டன் சுவரொட்டியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

தமிழுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒன்று உண்டு. ரோமன் எழுத்துக்கு அழுத்தம் தரப் பல வழிகள்: கேப்பிடல் இருக்கிறது, சாய்வெழுத்து இருக்கிறது, அதன் பிறகுதான் போல்ட். தமிழில் கேப்பிடல் கிடையாது. சாய்வெழுத்து நம் எழுத்தின் மரபில் இல்லை, இயந்திரத்தில் சாய்த்தால் விழப்போகிறவன் மாதிரித்தான் நிற்கிறது. ஆக அழுத்தத்தின் மொத்தப் பாரத்தையும் தமிழில் கொட்டை எழுத்தே சுமக்கிறது. தலைப்பு, துணைத்தலைப்பு, கலைச்சொல், அகராதிச் சொல், ஏல அறிவிப்பு, எச்சரிக்கை, இரங்கல், எல்லாம் அதே. ஆசிரியர் சொன்னதும் அரசு சொன்னதும் கம்பெனி சொன்னதும் ஒரே குரலில் வந்து விழுகின்றன. இதைப் பிரித்துக் கேட்கிற காது நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும்.

சிறுபத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. கட்டுடைத்தல், மற்றமை, விளிம்பு என்று ஒவ்வொரு கலைச்சொல்லையும் கொட்டை எழுத்தில் போட்டு, அதிகாரத்தை எதிர்க்கிற கட்டுரையையே சுற்றறிக்கை மாதிரி ஆக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. விளிம்பு என்ற சொல்லைத் தடிக்க வைத்துவிட்டு விளிம்பில் இருப்பவர்களின் பேச்சைப் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்ட பக்கங்களும் உண்டு. ஏலச் சுவரொட்டியின் இலக்கணம் எவ்வளவு நல்ல எண்ணங்களுக்குள்ளும் நுழைந்துவிடக் கூடியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனவே இந்தக் கட்டுரையில் ஒரு சொல்லையும் போல்டில் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தலைப்பு அவர்கள் வழக்கப்படி இருக்கட்டும்.